மகப்பேற்றுச் சிகிச்சைக்கு முன் கருப்பைச் சோதனை: ஒரு வாசகிக்கு மறுமொழி

மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைக்கு அப்பால், மலைச்சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக நம் மேசையிலே கிடக்கிறது. பெயரையும் தோட்டத்தையும் வெளியிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். அவருக்கு வயது 31. மணமாகி ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. மடியில் குழந்தை இல்லை. கணவர் கொழும்பில் ஒரு கடையிலே வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து இரண்டு நாட்கள் தங்கிச் செல்வார். அண்மையில் இச்சகோதரி துணிந்து வைத்தியரிடம் சென்றிருக்கிறார். சிகிச்சை எதுவும் தொடங்குமுன் கருப்பையைச் சோதிக்க வேண்டும் என்று கூறி, மருந்து செலுத்திப் பிடிக்கும் எக்ஸ்றே ஒன்றுக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் வைத்தியர்.

துண்டு வீட்டிலே பெரும் புயலைக் கிளப்பிவிட்டது. "கருப்பைக்குள்ளே குழாயை விட்டால் இருப்பதும் கெட்டுப்போகும்" என்கிறார் மாமியார். வலி உயிரையே வாங்கிவிடும் என்கிறார் அடுத்த காம்பிராவில் உள்ளவர். "நான் போகலாமா, வேண்டாமா? போனால் என்ன செய்வார்கள்? இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை" என்று முடிகிறது கடிதம். அந்தக் கடைசி வாக்கியமே நம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. இத்தகைய கேள்வி ஒருவருடையது மட்டும் அன்று. வெட்கத்தினால் எழுதாமல் இருப்பவர் பலர்.

மாத்தளையை அறிந்தவர்கள் அந்நகரின் முத்துமாரியம்மன் கோயிலை அறியாதிருக்க முடியாது. மலையக மக்களின் முன்னோர் தோணியேறி வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்காய் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளை வந்து சேர்ந்த காலத்தின் நினைவு அக்கோயிலோடு பிணைந்தது. மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும்போது, கைக்குழந்தையோடு வடம் தொட்டு வணங்கும் பெண்களும் உண்டு. வெறுங்கையோடு நின்று மனத்துக்குள் நேர்ந்துகொள்ளும் பெண்களும் உண்டு. நேர்த்திக்கடனை நாம் குறை கூறப் புறப்படவில்லை. அம்மனும் வைத்தியரும் சக்களத்திகள் அல்லர். ஒருவரிடம் போனால் மற்றவர் கோபிப்பார் என்பதில்லை.

நிற்க. முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தம்பதியர் தடையின்றி ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காவிடின், காரணத்தைத் தேட வேண்டும் என்பது வைத்திய உலகின் பொது விதி. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஓராண்டு காத்திருத்தல் ஆகாது; ஆறு மாதமே எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இக்குறைக்கு ஆளாகின்றனர். இத்தனை பரவலான ஒன்றுக்காக, ஒரு பெண்ணை வளைகாப்பு வீட்டில் பின்வரிசைக்குத் தள்ளுவதும், "மலடி" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதும் எவ்வகை நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை.

கணவர் எங்கே?

இச்சகோதரியின் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒரு சங்கதி நம் கண்ணிற் பட்டது. கணவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். பெண்ணின் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவது ஒரு மாதத்தில் ஒருமுறை. 28 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் காணும் பெண்ணுக்கு அது ஏறக்குறைய 14 ஆம் நாளில் நிகழும். அந்நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமாக ஆறு நாட்களே கரு உண்டாகத் தக்க காலம். சம்பளம் கிடைத்த கையோடு கொழும்பிலிருந்து வரும் கணவரின் வருகை இந்த ஆறு நாட்களுக்குள் விழாவிட்டால், ஆறு ஆண்டுகள் அல்ல, பன்னிரண்டு ஆண்டுகள் ஆனாலும் கருப்பையின்மீது பழி சுமத்த இடமில்லை. தோட்டங்களிலே இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிப் போகும் இக்காலத்தில், நாட்காட்டியை முதலில் பார்ப்பது அவசியமாகிறது. இச்சகோதரி இதை வைத்தியரிடம் சொன்னாரா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிராவிட்டால் அடுத்த முறை இதனையே முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சங்கதி, கணவரின் விந்துப் பரிசோதனை. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைப் பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆண் பக்கத்துக் காரணமும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கக் காண்கிறோம். ஆணுக்கு வேண்டிய சோதனையோ மிக எளிது. இரண்டு முதல் ஏழு நாட்கள் விலகியிருந்து, ஒரு சிறு குப்பியில் கொடுத்துவிட்டு வருவதோடு சரி. ஊசி இல்லை, வலி இல்லை. ஒரு மில்லிலீற்றரில் 160 இலட்சம் உயிரணுக்கள் இருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கைந்நூல் கீழெல்லையாகக் காட்டுகிறது. அதற்குக் குறைந்தாலும் வழியில்லை என்பது அன்று. அந்த எண்ணிக்கை தெரியாமல் மனைவியின் கருப்பைக்குள் மருந்து செலுத்துவது முறையன்று என்பதே நம் கருத்து. "நான் ஆண்பிள்ளை, எனக்கென்ன சோதனை?" என்று முறுக்கிக்கொள்ளும் கணவன்மார் இதைப் படிப்பார்களாக.

கருப்பை என்னும் சிறு பை

இனிக் கருப்பைக்கு வருவோம். கருவுறாத பெண்ணின் கருப்பை நாம் நினைப்பதுபோல் பெரியதன்று. ஒரு சிறு பேரிக்காயைத் தலைகீழாகப் பிடித்தாற் போன்ற வடிவம். நீளம் ஏழு அல்லது எட்டு சென்ரிமீற்றர். மேல் இரு மூலைகளிலிருந்தும் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் இரு மெல்லிய குழாய்கள் சூலகங்களை நோக்கிச் செல்கின்றன. முட்டையும் உயிரணுவும் சந்திப்பது அக்குழாயிலேதான். உண்டான கரு ஐந்தாறு நாட்களில் கருப்பைக்குள் வந்து அதன் உட்சவ்விலே பதிந்துகொள்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருப்பையின் உள்ளே பானையின் உள்ளே உள்ளதுபோல் வெற்றிடம் இல்லை. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டபடி, தைத்து மடித்த வெறுஞ் சட்டைப்பை போல ஒட்டியிருக்கின்றன. ஆகவே, உள்ளே ஒரு சிறு சதைமுளை இருந்தாலும் அது மடிப்புக்குள் மறைந்துவிடும். பையை விரித்துப் பார்க்க வேண்டுமானால் உள்ளே எதையேனும் செலுத்தியே ஆகவேண்டும். மாமியார் அஞ்சும் "குழாய் விடுதல்" என்பதன் நியாயம் இதுவே. விரிப்பதற்குத் தண்ணீரோ மருந்தோ செலுத்துகிறார்கள், கெடுப்பதற்கு அன்று.

எதைத் தேடுகிறார்கள்? உட்சவ்வில் முளைக்கும் சதைமுளைகள், பையின் உட்புறம் துருத்தும் நார்க்கட்டி, பிறவியிலேயே கருப்பையை இரண்டாகப் பிரிக்கும் நடுத்திரை, முன்னர் கருக்கலைந்து சுரண்டியதால் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன தழும்பு, குழாய் அடைப்பு ஆகியவற்றையே தேடுகிறார்கள். நார்க்கட்டியைப் பற்றி ஒரு சொல். "கட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் கதிகலங்குவோர் பலர். நடுத்தர வயதுப் பெண்களிற் பெரும்பாலோருக்கு எங்கேனும் ஒரு சிறு நார்க்கட்டி இருக்கும், அது புற்றுநோயன்று. கருப்பையின் வெளிப்புறத்தில் தொங்கும் கட்டி கருவுக்குப் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. உட்பையைக் கோணலாக்கும் கட்டியே கவனிக்கத் தக்கது. ஆகவே "எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது?" என்பதைக் காட்டிலும் "எந்த இடத்தில்?" என்று கேட்பதே பொருத்தமான கேள்வி.

ஸ்கேன்

சோதனைகளில் முதலாவது ஸ்கேன். காதுக்குக் கேளாத ஒலியலையை உடலுக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்குவதே இதன் தத்துவம். இதன் வரலாறு சுவையானது. ஸ்கொட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட், கொதிகலன் செய்யும் பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் தொழிற்சாலையில் இரும்பின் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் ஒலியலைக் கருவி இருப்பதை அறிந்தார். 1955 ஆம் ஆண்டில், சத்திரசிகிச்சையில் அகற்றிய நார்க்கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு அத்தொழிற்சாலைக்கே போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே வைக்கப்பட்டிருந்ததாம்! நீர்க்கட்டி ஒருவிதமாகவும் நார்க்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. 1958 இல் அவரும் தோழர்களும் லான்செட் வைத்திய இதழில் எழுதிய கட்டுரையோடு பெண்நோய் வைத்தியத்தில் ஒரு புது யுகம் பிறந்தது. இன்று நம் ஊர்ப் பெண்கள் "ஸ்கேன் எடுத்தோம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வது அந்தக் கொதிகலன் தொழிற்சாலையின் கொடை.

கருப்பையைப் பார்க்கும் ஸ்கேன் இருவகை. வயிற்றின்மேல் கருவியை வைத்துப் பார்ப்பது ஒன்று. அதற்கு நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாக ஒரு மெல்லிய கோலைச் செலுத்திப் பார்ப்பது மற்றொன்று. அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். இரண்டாவதே தெளிவான படத்தைத் தருகிறது. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் அதில் வலி அதிகமில்லை. தாதி ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்று கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. உள்ளே ஐயமான நிழல் தெரிந்தால், சில மில்லிலீற்றர் உப்புநீரைச் செலுத்தி, ஒட்டியிருக்கும் சுவர்களைப் பிரித்து மீண்டும் பார்ப்பதும் உண்டு.

துண்டில் எழுதியிருந்த எக்ஸ்றே

நம் வாசகியின் துண்டில் எழுதியிருந்தது எச்.எஸ்.ஜி. என்னும் எக்ஸ்றே. கருப்பையின் உள்வடிவத்தையும் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்பதையும் ஒரே வேளையில் காட்டுவது இதன் சிறப்பு.

மாதவிடாய் நின்ற பின்னும் முட்டை வெளிப்படுமுன்னும் இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலும் மாதவிடாய் தொடங்கிய ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். அந்த மாதவிடாய் தொடங்கியதிலிருந்து சோதனை முடியும்வரை கணவன் மனைவி விலகியிருத்தல் அவசியம்; தெரியாமல் உண்டான கருவின்மீது எக்ஸ்றே படக்கூடாது என்பதே காரணம். அயடீன் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், தைரொயிட் நோயுள்ளவர்கள், அடிவயிற்றில் வலியும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் உள்ளவர்கள் முன்னரே சொல்லிவிட வேண்டும். கிருமி இருக்கும் வேளையில் மருந்தைச் செலுத்தினால் அது குழாய்வரை ஏறிவிடக் கூடும்.

சோதனை அறையில் நடப்பது இவ்வளவே. மேசையில் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். கருப்பை வாயைக் காணும்பொருட்டு ஒரு கருவியை மெதுவாக வைத்து, அவ்விடத்தைச் சுத்தம் செய்து, மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். அதன்வழியே சில மில்லிலீற்றர் மருந்து மெல்ல மெல்ல உள்ளே போகும். அது போகப் போகப் படம் பிடிப்பார்கள். படத்தில் கருப்பை ஒரு வெள்ளை முக்கோணமாகத் தெரியும். அதன் இரு மூலைகளிலிருந்தும் நூல்போன்ற இரு கோடுகள் ஓடி, முனையில் புகைபோல் மருந்து பரவினால் குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். எல்லாம் கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வலி இல்லவே இல்லை என்று எழுதினால் அது பொய். மருந்து உள்ளே போகும்போது மாதவிடாய்க் காலத்து வலிபோல அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். சிலருக்குச் சற்றுக் கடுமையாகவே இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு முன்னரே வலி மாத்திரை ஒன்று விழுங்கலாமா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். அன்று கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டாம். ஓரிரு நாட்கள் சிறிது இரத்தக்கசிவு இருக்கலாம். காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வலியோ, துர்நாற்றமோ கண்டால் மறுநாள்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இன்னொன்றையும் நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும். பயத்தினாலும் வலியினாலும் குழாயின் வாய் சற்றுநேரம் சுருங்கிக்கொள்வது உண்டு; அப்போது படத்தில் அடைப்புப்போலத் தோன்றும். ஆகவே, "இரு பக்கமும் அடைப்பு" என்று ஒரு படத்தில் வந்துவிட்டால் அதுவே முடிந்த முடிபு என்று எண்ணி அழ வேண்டியதில்லை.

இச்சோதனையின் முன்னோடிகள் பெண்களை உண்மையிலேயே வருத்தியவர்கள்தாம். 1914 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களான கேரியும் ரூபினும் வெள்ளி கலந்த திரவத்தைச் செலுத்தி முயன்றனர். அது உள்ளுறுப்புக்களை உறுத்தியது. பின்னர் ரூபின் 1920 அளவில் மருந்தை விடுத்து வாயுவைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். வாயு குழாய்வழியே வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் நோயாளிக்குத் தோள்பட்டை வலிக்கும். தோள் வலித்தால் குழாய் திறந்திருக்கிறது என்று மகிழ்ந்தனர்! 1921 இல் பிரான்சிலே சிக்கார், பொரெஸ்ரியே என்னும் இருவர் அயடீன் சேர்த்த எண்ணெயொன்றை எக்ஸ்றேப் படத்துக்குப் பயன்படுத்திய பிறகே இத்துறைக்கு நல்ல காலம் பிறந்தது. அந்த எண்ணெய் எதிலிருந்து எடுத்தது தெரியுமா? கசகசாவிலிருந்து. நம் நாட்டில் சர்பத்துக்குள் மிதக்கும் கறுப்பு விதையன்று. அபினிச் செடியின் வெள்ளை விதையான கசகசா.

அந்த எண்ணெயைப் பற்றி அண்மைக்காலத்திலே ஓர் அதிசயமான முடிவு வெளியாயிற்று. நெதர்லாந்து நாட்டில் 1,119 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எண்ணெய் மருந்தும் மற்றப் பிரிவினருக்கு நீர் மருந்தும் செலுத்தி இதே சோதனையைச் செய்தனர். 2017 இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதத்துக்குள் எண்ணெய்ப் பிரிவில் நூற்றுக்கு 39.7 பேரும், நீர்ப் பிரிவில் நூற்றுக்கு 29.1 பேரும் கருவுற்றுத் தொடர்ந்திருந்தனர். சோதனையே ஓரளவு மருந்தாகவும் அமைகிறது போலும்! எல்லோருக்கும் எண்ணெய் ஏற்றதென்று நாம் கூற வரவில்லை. அது இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிடும் ஆபத்தும் தைரொயிட்டைப் பாதிக்கும் இயல்பும் உண்டு. ஆனால் "குழாய் விட்டால் கருப்பை கெட்டுப்போகும்" என்ற மாமியாரின் அச்சத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி நமக்குக் கிடைக்கவில்லை.

எல்லோருக்கும் எல்லாம் வேண்டுமா?

கருப்பைக்குள் நேரிலேயே எட்டிப்பார்க்கும் கருவியும் உண்டு. ஹிஸ்டரஸ்கொப்பி என்பது அதன் பெயர். 1869 ஆம் ஆண்டிலேயே பன்ரலியோனி என்ற வைத்தியர், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கால் வருந்திய 60 வயது மாதின் கருப்பைக்குள் குழாயும் விளக்குமாக நோக்கி, உள்ளிருந்த சதைமுளையைக் கண்டு மருந்திட்டுச் சுட்டார். இன்று அக்கருவி சில மில்லிமீற்றர் பருமனே உடையது. அதனூடே சதைமுளையை அகற்றவும், நடுத்திரையை வெட்டவும், ஒட்டிய தழும்பைப் பிரிக்கவும் முடிகிறது.

இது நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஐ.வி.எப். என்னும் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு பெண்ணுக்கும் இதைச் செய்தே தீரவேண்டும் என்று சில இடங்களில் வற்புறுத்தும் பழக்கம் வந்திருக்கிறது. லான்செட் இதழ் 2016 இல் இதுபற்றி இரண்டு ஆராய்ச்சிகளை வெளியிட்டது. ஒன்று, ஸ்கேனில் குறையொன்றும் காணாத 750 பெண்களை முதல் ஐ.வி.எப். சிகிச்சைக்கு முன் ஆராய்ந்தது. இக்கருவியால் பார்த்தவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், பார்க்காதவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கும் குழந்தை பிறந்தது. கணித முறைப்படி இது வேறுபாடே அன்று. மற்றொன்று, முன்னரே இருமுறை முதல் நான்கு முறைவரை சிகிச்சை பலிக்காத 702 பெண்களைப் பற்றியது. இரு பிரிவிலும் நூற்றுக்கு 29. அவ்வாறே, உட்சவ்வைச் சற்றுக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை சில காலம் உலாவிற்று. 1,364 பெண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2019 இல் வெளிவந்தது. கீறியவர், கீறாதவர் ஆகிய இருசாராரிலும் நூற்றுக்கு 26 பேருக்கே குழந்தை பிறந்தது. கூடுதலாக ஒரு சோதனையோ சிகிச்சையோ சொல்லப்படும்போது, "ஸ்கேனில் என்ன கண்டதனால் இதைச் சொல்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேட்கலாம். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தக் கேள்வி பெரிய தொகையைக் காப்பாற்றும்.

ஆனால் கேட்காமலே விடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. நம் தெற்காசிய நாடுகளிலே காசநோய்க் கிருமி நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே கருப்பைக் குழாய்க்கும் உட்சவ்வுக்கும் போய்க் குடியேறுவது உண்டு. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை; பிள்ளை இல்லை என்ற ஒன்றே அதன் அறிகுறியாய் இருக்கலாம். நெருக்கமான லயக் காம்பிராக்களில் வளர்ந்தவர்கள், வீட்டில் எவருக்கேனும் எப்போதாவது காசநோய் இருந்திருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் கூறவேண்டும். இதற்கு மருந்து உண்டு. நம் நாட்டில் அது இலவசம். காலம் தாழ்ந்தால் நோய் தீர்ந்தாலும் தழும்பு தீராது.

குழாய் இரண்டும் உண்மையிலேயே அடைபட்டிருந்தால் என்ன செய்வது? ஐ.வி.எப். சிகிச்சை தோன்றியதே அத்தகையவர்களுக்காக. 1978 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கு இரு குழாய்களும் அடைபட்டிருந்தன. அவ்வாண்டிலேயே அக்டோபர் 3 ஆம் திகதி கல்கத்தாவில் டொக்டர் சுபாஷ் முகோபாத்தியாயவின் முயற்சியால் துர்க்கா பிறந்தாள். அடைபட்ட குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் வடிந்து கருவை ஒட்டவிடாது. ஆகையால் ஐ.வி.எப். சிகிச்சைக்கு முன் அக்குழாயை அகற்றவோ கட்டவோ வேண்டியிருக்கும். முன்கூட்டிய சோதனை மெய்யாகவே பயன்தரும் இடங்களில் இது முதன்மையானது.

இனி மாத்தளைச் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தோட்டத்துக்கு வரும் குடும்பநல மாது கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரியவர் அல்லர். பிள்ளை தாமதமாகும் தம்பதியரை அறிந்து வழிகாட்டுவதும் அவர் கடமையே. அவரிடம் கூறினால் சுகாதார வைத்திய அதிகாரி மூலமாக மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு வழி கிடைக்கும். அங்கிருந்து தேவைப்பட்டால் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள்; கண்டி மாத்தளையிலிருந்து 25 கிலோமீற்றர் அளவிலேயே உள்ளது. மாதவிடாய் தொடங்கிய நாளிலேயே வைத்தியசாலைக்கு அறிவித்து நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து நினைத்தால் அம்மாதம் போய்விடும். எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் ஓர் உறையிலிட்டு, நகைப்பெட்டியைப் பாதுகாப்பதுபோல் பாதுகாத்தல் வேண்டும். வேறொரு வைத்தியரிடம் போகும்போது அவை இல்லாவிடின் எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய நேரும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். படித்துச் சொல்ல ஒருவரை அழைத்துப் போவது நல்லது. அந்த ஒருவர் கணவராகவே இருந்தால் மிக நன்று.

இவ்வளவையும் எழுதி முடித்து அச்சுக்குக் கொடுக்கும் வேளையில், முன்பே நாம் தபாலில் அனுப்பிய சுருக்கமான பதிலுக்கு அச்சகோதரியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்திருக்கிறது. கணவர் நான்கு நாள் லீவு எடுத்து வந்து, முதலில் தம்முடைய சோதனையைக் கொடுத்துவிட்டாராம். மாமியார் இன்னும் முணுமுணுக்கிறாராம். ஆனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லையாம். அஞ்சலட்டையின் மூலையில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு கேள்வி: "இரவு பத்து மணிக்கு மாதவிடாய் தொடங்கினால், முதல் நாள் என்று எதை எண்ணுவது?"

சகோதரி, துளியாகக் கறைபடுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இரத்தம் நன்றாகப் போகத் தொடங்கும் நாளே முதல் நாள். இரவு நேரத்தில் தொடங்கினால் மறுநாளை முதல் நாளாக எண்ணுவதே பல கிளினிக்குகளின் வழக்கம். நாள் குறிக்கும்போது "நேற்று இரவு பத்து மணிக்கு" என்று அப்படியே சொல்லிவிடுங்கள். கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் முன்பின் ஆவதனால் குடி முழுகிப்போகாது.